பூங்கோதை மேல் கட்டிய பிராது

பூங்கோதை மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர், பெண்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் கொளஞ்சிநாதன். அந்தச் சாமியின் பேரையே வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டு போடாமல், காலை ஊன்றியபடியே பேசினார்.

"நம்ம ஆண்டாளோட அம்மா மாரியம்மாதாங்க மேடம். நேத்திக்கு மணவாளநல்லூர் போயி எழுதிக் கட்டிட்டு வந்துட்டாங்க. செராமிக் கம்பெனி பூரா இதே பேச்சுதான் ஓடிக்கிட்டு இருக்குது."

"என்னான்னு எழுதியிருக்காங்களாம்?"

"எம் பொண்ண ஒதுக்கிட்டு அண்ணன் மவளக் கொண்டுபோறாங்க, நீதான் கேக்கணும் சாமின்னு."

விருத்தாசலத்தில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. இரண்டிலும் நம்பிக்கை போனவர்களுக்குக் கொளஞ்சியப்பர் இருக்கிறார். குறையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், பூசை போட்டு அங்கேயே காவலுக்கு நிற்கும் முனியப்பர் முன்னால் கட்டிவிடுவார்கள். எதிராளியின் வீடு எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி சாமிக்கு வழிச்செலவும் கட்ட வேண்டும். சாமி போய் விசாரித்துத் தீர்ப்பு சொல்லும். கட்டியவர் வந்து வாபஸ் வாங்கினால்தான் வழக்கு முடியும். பூங்கோதை குடியிருக்கும் ஜங்ஷன் ரோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சாமிக்குப் பெரிய அலைச்சல் இல்லை.

பூங்கோதை சிரித்தாள். இந்தியாவுக்காக ஆறு வருஷம், அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ரக்பி ஆடியவள் அவள். கொழும்பு, ஜகார்த்தா, தாஷ்கண்ட் என்று போய், தன்னைவிட இருமடங்கு பருத்த பெண்களை இடுப்பைக் கட்டித் தரையில் சாய்த்தவள். முழங்கால் தசைநார் அறுந்த பிறகு, ஊருக்கு வந்து கோச்சாக நிற்கிறாள். இந்தக் காகிதத்துக்கா பயப்படுவாள் என்று கொளஞ்சிநாதன் நினைத்திருப்பார். ஆனால் அவள் பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி. அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பிராது என்றால் விளையாட்டில்லை. பிராதுக்குப் பயந்து, திருடிய பம்ப்செட் மோட்டாரைத் தானே தோளில் தூக்கிவந்து கொட்டகை வாசலில் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுத ஆளை, சின்ன வயதில் கண்ணால் பார்த்தவள். சிரித்து முடித்ததும் கோயில் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் தப்பு எதுவும் பண்ணலையே சார்."

"பண்ணலன்னா சாமி ஒண்ணும் பண்ணாதுங்க," என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது பள்ளிப் பெண்கள் ரக்பி பழகும் மைதானம். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். உடைந்த பீங்கானைக் கொட்டி நிரவி, மேலே செம்மண் பரப்பிய காலி இடம். ஒரு மழை பெய்தால் போதும், சில்லுகள் பல்லை இளித்துக்கொண்டு மேலே வந்துவிடும். பெண்கள் வரிசையாகக் குனிந்து அவற்றைப் பொறுக்கி எறிந்த பிறகுதான் பந்தையே எடுப்பார்கள். முன்னால் ஓடிக்கொண்டு பந்தைப் பின்னால் போடுகிற இந்த ஆட்டத்தை, ஷிப்டு முடிந்து போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெண்களில் கெட்டிக்காரி ஆண்டாள். மாரியம்மாளின் மகள். பதினாறு வயது. ஸ்கிரம் ஹாஃப் இடத்தில் நிற்பவள்; முட்டி மோதுகிற ஆட்களின் குவியலுக்குள்ளிருந்து பந்தை எடுத்து யாருக்குப் போவது என்று முடிவு செய்கிற இடம் அது. பந்தோடு எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது அவளுக்கே கடைசி நொடியில்தான் தெரியும், எதிராளிக்கு எங்கே தெரியப் போகிறது. சென்னையில் நடக்கவிருந்த மாநில அணித் தேர்வில் அவளை எடுக்காமல் விடமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். பூங்கோதையும் நம்பினாள்.

தேர்வுக்கு முந்தின வாரம், பயிற்சியில் ஆண்டாள், ஓடி வருகிறவளைக் கட்டிச் சாய்க்கிற ஒரு டேக்கிளில் தலையைத் தவறான பக்கம் கொடுத்துவிட்டாள். ஓடி வந்தவளின் முட்டி நெற்றிப்பொட்டில் இடித்தது. ஆண்டாள் உடனே எழுந்தாள், சிரித்தாள், மண்ணைத் தட்டிக்கொண்டாள். பிறகு போய் எதிரணியின் வரிசையில் நின்றாள். பூங்கோதை ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"அக்கா, இது மொத பாதியா, ரெண்டாவதா?" என்று கேட்டாள் ஆண்டாள்.

"ரெண்டாவது."

நாலு எட்டு நடந்ததும், "அக்கா, இது மொத பாதியா, ரெண்டாவதா?" என்றாள் மறுபடியும், முதல் தடவை கேட்பதுபோலவே.

பூங்கோதை விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனாலும் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். மாரியம்மாள் முதல் பாதியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"மூள குலுங்குனது ஸ்கேன்ல தெரியாதுங்கக்கா," என்று பூங்கோதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். "அது ஆறாம இன்னொரு அடி பட்டுச்சின்னா உசுருக்கே ஆபத்து. இந்தத் தடவ அவ ஆடக் கூடாது."

"ஒண்ணுமில்லன்னு படிச்ச டாக்டரே சொல்லிட்டாரு. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிது டீச்சர்?" மாரியம்மாள் அகல் விளக்கு செய்கிற கம்பெனியில் அச்சுக்குக் களிமண் பால் ஊற்றுகிறவள். நாளெல்லாம் அச்சைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடக்கும். "ஸ்டேட்டுக்கு ஆடுனா காலேஜுல சும்மா சீட்டு குடுப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப நீங்களே கெடுக்குறீங்களே. அவ எடத்துல யாரு நிக்கப் போறா?"

பூங்கோதைக்குப் பதில் தெரியும். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் அன்பரசி. அண்ணன் தமிழ்ச்செல்வனின் மகள்.

அன்பரசி சளைத்தவள் இல்லை. ஆண்டாள் அளவுக்கு மின்னல் கிடையாது, ஆனால் கை சுத்தம். அவள் போட்ட பந்து தரையில் விழுந்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிடும். இந்தப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பூங்கோதை அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள், அண்ணி செல்வநாயகி போடுகிற சோற்றைத்தான் சாப்பிடுகிறாள். சொந்தம் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று அன்பரசியை மற்றவர்களைவிட இரண்டு சுற்று கூடுதலாக ஓடவிட்டாள். தப்பு செய்தால் அவளைத்தான் முதலில் திட்டினாள். பந்து மூட்டையைச் சுமப்பதும் அவள்தான். அந்தப் பெண் முகம் கோணியதில்லை.

பூங்கோதைக்கு ஒரு பழைய காயம் உண்டு. இந்திய அணியில் அவள் நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு போட்டிக்கான பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் போனது. அவள் இடத்தில் போனது ஓர் அதிகாரியின் தங்கை மகள். கேம்ப் கதவில் ஒட்டியிருந்த அந்தப் பட்டியலை எல்லோரும் போன பிறகும் நின்று படித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு நாள் கோச்சானால் இந்த ஈனத்தனத்தைச் செய்யமாட்டேன் என்று அன்றைக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இப்போது அதே பழியை அவள் தலையில் கட்டி, சாமி காலடியிலும் போட்டாகிவிட்டது.

அதன் பிறகு அவளுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்தது. ஆண்டாளின் அந்தக் கேள்வி வேறு யார் காதிலும் விழவில்லை. நிஜமாகவே இரண்டு தடவை கேட்டாளா? அல்லது அன்பரசிக்கு வழி விடட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்து, அதுதான் அப்படிக் கேட்க வைத்ததா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. கடைசியில் வெட்கத்தை விட்டு மாரியம்மாள் வேலை செய்யும் கம்பெனிக்கே போனாள்.

"பிராத வாபஸ் வாங்கிக்குங்கக்கா."

"எம் பொண்ண எறக்குங்க, நாளைக்கே வாங்கிடுறேன்."

"அது மட்டும் என்னால முடியாது."

"அப்ப சென்னையில பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வருவாங்கல்ல, அவங்களே பாத்துச் சொல்லட்டும். அவளயும் இட்டுக்கினு போங்க. நானும் கூட வரேன்," என்றாள் மாரியம்மாள், அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த விஷயத்தில் பூங்கோதை இம்மியும் அசையவில்லை. பதினாலு நிமிஷ ஆட்டம்தானே, ஓரமாக நிற்க வைக்கலாமே என்று கொளஞ்சிநாதன் இழுத்தபோதுகூட, "அவ செத்துப்போனா நீங்க பதில் சொல்லுவீங்களா சார்?" என்று அவர் வாயை அடைத்தாள். அதுவரை அவள் சரியாகத்தான் இருந்தாள்.

சென்னை மைதானத்தில் புல் இருந்தது. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்துச் சிரித்தார்கள். மூன்று ஆட்டம். ஒவ்வொன்றும் ஏழு ஏழு நிமிஷமாக இரண்டு பாதி, உள்ளே ஏழு பேர், வெளியே மாற்று ஆட்கள். சாமியானாவுக்கு அடியில் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே மாரியம்மாள், பக்கத்தில் துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டாள்.

அன்பரசி பூட்ஸ் கயிற்றை இரண்டு முடிச்சு போட்டுத் தயாராக நின்றாள். நீதான் ஸ்கிரம் ஹாஃப் என்று முந்தின நாளே பூங்கோதை சொல்லியிருந்தாள். வார்ம் அப்பில் அவள் போட்ட பந்துகள் அளந்து வைத்ததுபோலப் போய்க் கைகளில் விழுந்தன. பெயர்களைச் சொல்ல வாயைத் திறந்த பூங்கோதை, கயிற்றுப் பக்கம் பார்த்துத் தொலைத்தாள். மாரியம்மாள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பூங்கோதையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோகனப்பிரியா, நீ ஸ்கிரம் ஹாஃப் நில்லு."

மோகனப்பிரியா முன்வரிசையில் முட்டித் தள்ளுகிற பெண். "நானாக்கா?" என்று நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டாள். அன்பரசி பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கவில்லை. போய் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாவம் மோகனப்பிரியா, குவியலிலிருந்து பந்தை எடுப்பதற்குள் எதிரணிக்காரிகள் வீடு வாசல் கட்டிக் குடியேறிவிட்டார்கள். ஓரத்தில் ஓடக் காத்திருந்தவர்களுக்கு அத்தி பூத்தாற்போலத்தான் பந்து வந்தது. "அன்பரசிய எறக்குங்க மேடம், ஆட்டமே போவுது," என்று கொளஞ்சிநாதன் கெஞ்சினார். "பாக்கலாம் சார்," என்றாள். இரண்டாவது பாதியில் இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த ஆட்டத்தில் இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் அன்பரசி எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பூங்கோதையின் கண் கயிற்றுப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. இரண்டு ஆட்டம் தோற்றாகிவிட்டது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. ஆண்டாள் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, தலை வெடிக்கிறது என்று அழுதாள். போட்டிக்கு வந்திருந்த டாக்டர் அம்மா ஓடி வந்து, கண்ணில் டார்ச் அடித்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நிற்க முடியவில்லை. வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். வெள்ளிக்கு அப்புறம் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

"எத்தன நாளா தலைவலி?"

"அடிபட்டதுலேர்ந்து. சொன்னா அம்மா திட்டும்னு சொல்லல."

டாக்டர் அம்மா பூங்கோதையைப் பார்த்தார். "இந்தப் பொண்ண ஆட விடாம நிறுத்துனது நீங்களா? நல்ல வேல பண்ணீங்க. இன்னொரு அடி பட்டிருந்தா நான் வந்து ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

மாரியம்மாள் குனிந்து மகளின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து பூங்கோதையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 

"பாவி நான், உங்க மேல போயி பிராது கட்டிட்டேனே டீச்சர். ஊருக்குப் போனதும் மொத வேலையா வாபஸ் வாங்கிடுறேன்." சுற்றியிருந்தவர்களிடம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தம்மா சொக்கத் தங்கம்ங்க. பாருங்க, சொந்த அண்ணன் மவளக்கூட எறக்கல. எவ இருப்பா இப்பிடி?"

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். வேறு ஊர்ப் பெண்களோடு வந்த ஒரு கோச் பூங்கோதையின் முதுகில் தட்டிக்கொடுத்தார். பல நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல இருந்தது அவளுக்கு. காது குளிர்ந்தது. தன் காது தன்னை ஏமாற்றவில்லை, ஆண்டாள் பிழைத்தாள், தான் நல்லவள்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்.

மூன்றாவது ஆட்டத்துக்கு விசில் ஊதினார்கள். அன்பரசி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? பிராது போன இடம் தெரியாது. மாரியம்மாள் இனி வாயைத் திறக்கமாட்டாள். பேரைச் சொன்னால் போதும். ஆனால் மாரியம்மாள் கண்ணில் நீரோடு, கோயிலில் நிற்பதுபோலக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் தட்டிய கோச்சும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இறக்கினால் அந்தச் சொக்கத் தங்கம் என்ன ஆகும்?

"அதே ஏழு பேரு போங்க," என்றாள் பூங்கோதை.

முதலில் செய்தது பயத்தால் என்று எந்தச் சாமியிடமும் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு சாக்கு கிடையாது. அது அவளுக்கே, சொன்ன அந்த நொடியிலேயே தெரிந்தது.

ஆட்டம் முடிந்து பட்டியல் படித்தார்கள். விருத்தாசலத்திலிருந்து, ஓரத்தில் ஓடுகிற ஒரு பெண்ணை மட்டும் எடுத்திருந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தேர்வாளர் ஒருவர் வந்தார். "உங்க பன்னெண்டாம் நம்பர் பொண்ணு வார்ம் அப்ல அருமையா பாஸ் போட்டாளே, நான் காத்துக்கிட்டே இருந்தேன். ஏன் எறக்கவே இல்ல? காயமா?"

பூங்கோதைக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "ஆமாங்க சார். லேசா."

பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற அன்பரசியின் காதில் அது விழுந்தது.

மதிய ரயிலில் பெண்கள் தோற்றதை மறந்து கத்திக்கொண்டு வந்தார்கள். எல்லோர் சட்டையிலும் மண்ணும் புல் கறையும். அன்பரசியின் சட்டையில் மட்டும் அவள் அம்மா போட்டுக்கொடுத்த இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஆண்டாள் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கினாள். விழுப்புரம் தாண்டியதும் அன்பரசி எழுந்து வந்து பூங்கோதையின் எதிரில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஆண்டாளுக்குத் தலையில அடிபட்டுச்சி, உக்கார வெச்சீங்க. சரி. எனக்கு எங்க அத்த அடிபட்டுச்சி?"

அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பினாள். உன் மேல் ஒரு குறையும் இல்லை, என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். "ஊருக்குப் போயி பேசலாம்," என்றுதான் சொன்னாள். அன்பரசி எழுந்து தன் இடத்துக்குப் போனாள். ஒரு பெண்ணை ஆட விடாமல் செய்வது எப்படி இருக்கும் என்று பூங்கோதைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கேம்ப் கதவுக்கு முன்னால் நின்றபோது அவளுக்குக்கூட யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது இன்னும் வெயில் இருந்தது. பிளாட்பாரத்தில் அண்ணி செல்வநாயகி நின்றிருந்தாள். மகளைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"என்னாடி ஆச்சு? நல்லா ஆடுனியா?"

பூங்கோதை நின்றாள். அன்பரசி அவளைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தாம்மா ஆடுனேன். அங்க வந்தவளுங்கள்லாம் என்னவிட நல்லா ஆடுனாளுங்க. எடுக்கல."

செல்வநாயகியின் முகம் ஒரு நொடி வாடியது. பிறகு மகளின் தலையைக் கோதிவிட்டாள். "போவட்டும் வுடு. எல்லாரும் உங்க அத்த ஆயிட முடியுமா? அவங்களும் உனக்காக எவ்வளவோ பாடுபட்டாங்க. நமக்குக் குடுத்து வெக்கல. வா, வூட்டுக்குப் போவலாம்."

பின்னால் மாரியம்மாள் யாரிடமோ சத்தமாகப் பூங்கோதையின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அண்ணி, அவளை நான் இறக்கவே இல்லை என்று சொல்ல மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. பூங்கோதை அன்பரசியின் தோளிலிருந்த பந்து மூட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அன்பரசி கொடுக்கவில்லை. பூங்கோதை நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் பிளாட்பாரப் பாலத்தின் படியேறிப் போனாள்.